கிழமை இல்லாத வரைபடம்

நில நடுக்கம் அளக்கும் நம் தொழிலில் நாள்களுக்குப் பெயர் கிடையாது. எண்தான். ஆண்டின் முதல் நாள் ஒன்று, கடைசி நாள் முந்நூற்று அறுபத்தைந்து. நடுவில் திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, சம்பள நாள் இல்லை, தேர்த் திருவிழா இல்லை. நேரமும் நம் ஊர் நேரம் இல்லை. எங்கோ ஒரு தீர்க்கரேகையில் ஓடும் உலக நேரம். பூமிக்கு ஊர் வழக்கம் எதற்கு என்று எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தப் பழக்கத்தால் ஒரு பெண்ணின் வலது கை என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன்.

புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்காக நாலு அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மற்றவை அதன் அடியில் நசுங்கிப் போய்விட்டன.

ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே, மலை இறங்கி முடியும் இடத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். ஊரை விட்டு நகர முடியாத பெண்கள் ஊரிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பார்கள். அப்பர் என்பார்கள் அதை. கட்டுக் கட்டாய் வண்டியில் வரும். தைத்து முடித்ததும் போகும். அப்படிப் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்கு ஒரு கொட்டகை. ஒரு காலத்தில் தீப்பெட்டி அடைத்த இடம். மண் சாந்தில் அடுக்கிய கருங்கல் சுவர், மேலே நாட்டு ஓடு. உள்ளே எந்தக் கோடையிலும் குளிர்ச்சி.

அங்கே முதலாளி என்று யாரும் இல்லை. வண்டிக்காரனிடம் கட்டு எண்ணி வாங்குவதும், வெளியே யாராவது வந்தால் பேசுவதும் அமுதா. முப்பது வயதைத் தாண்டியவர். இரண்டு ஊசி, ஒரே துளை, எதிரெதிராய் நுழைத்து இழுப்பார். பார்த்துக்கொண்டே இருக்கலாம். தோல் தானாக வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது போலிருக்கும்.

நான் அங்கே போனபோது அவர்கள் கொட்டகையில் இல்லை. எதிரே இருந்த புங்கமரத்தடியில் பாய் விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு மாதமாகப் பகலில் நிலம் உதறுகிறதாம். நீளமாக ஆடுவதில்லை. அடியில் யாரோ ஒரு டிப்பர் கல்லை மொத்தமாய்க் கொட்டினாற்போல ஒரே டமார். ஓட்டிலிருந்து மண் உதிர்ந்ததும் வெளியே வந்துவிட்டார்கள். மரத்தடியில் வெயில், காற்று, காக்கை. தோலில் கறை பட்டால் கம்பெனி கட்டைத் திருப்பி அனுப்புகிறது. இனியும் இப்படி வந்தால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். உள்ளே போகலாமா, கூடாதா? மாவட்ட நிர்வாகம் அதைக் கேட்டுத்தான் என்னை அனுப்பியிருந்தது.

கையில் ஒரே அதிர்வுமானி. மற்ற இரண்டும் பழுது. ஒன்றை வைத்துக்கொண்டு போகலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். பஞ்சாயத்து அலுவலகப் பின்னறையில் அதைப் பதித்து, மூன்று வாரம் கழித்து வந்து எடுத்துப் பார்த்தேன்.

துடிப்புகள் எல்லாம் பகல் பதினொன்றுக்கும் நாலுக்கும் நடுவில். இரவில் ஒன்றுகூட இல்லை. இன்னொன்றும் இருந்தது. இருநூற்றுப் பதினேழாம் நாள் வெறுமை. இருநூற்று இருபத்து நான்கு வெறுமை. இருநூற்று முப்பத்தொன்று வெறுமை. வரிசையாய்க் கருப்புப் புள்ளிகள், ஏழு நாளுக்கு ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு கிலோமீட்டரில் ஒரு கல் குவாரி.

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பூமி வாரம் ஒரு நாள் விடுமுறை எடுக்காது. மனிதன் எடுப்பான். ஆகவே மனிதன். ஆகவே வெடி. முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. மூன்றாவதும் சரி. நான்காவதில்தான் கால் வழுக்கியது. வழுக்கியது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே தரை அவ்வளவு அழகாய் வழவழப்பாய் இருந்தது.

ஒன்றரைப் பக்கத்தில் அறிக்கை எழுதினேன். குவாரி வெடி, அபாயம் இல்லை. கூடவே ஒரு பத்தி: இயற்கை நடுக்கமாகவே இருந்தாலும் இந்த அளவுக்கு நிலம் எவ்வளவு அதிரும் என்று நம் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், ஒரு சுவரையும் அசைக்காது. அந்தச் சூத்திரம் எங்கோ ஆழத்தில் பிறந்து தொலைவிலிருந்து வரும் பெரிய நடுக்கங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தது. பாயில் உட்கார்ந்திருப்பவளுக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில் பிறக்கும் ஒன்றை அது பார்த்ததே இல்லை. பார்க்காததைப் பற்றிக் கேட்டாலும் அது பதில் சொல்லும். சூத்திரத்துக்கு வெட்கம் கிடையாது.

அறிக்கையைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நல்லவன் என்ற நினைப்பில் நேரிலேயே போய்ப் புங்கமரத்தடியில் படித்துக் காட்டினேன். எல்லாரும் கேட்டார்கள். அமுதா மட்டும் ஊசியை நிறுத்தினார்.

"குவாரில வெடி வைக்கறதுக்கு முன்னாடி சங்கு ஊதுவான் சார். இதுக்கு ஊதலையே?"

காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்கும் என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுருக்காய்ப் பதில் வந்ததே என்று உள்ளுக்குள் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்கூட.

"சார் சொன்னா சரி" என்றார் அமுதா. பாயைச் சுருட்டினார்கள். பலகைகளையும் நூல்கண்டுகளையும் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராய் உள்ளே போனார்கள். கடைசியாய்ப் போனவர் வாசலில் நின்று, டீ போடட்டுமா சார் என்று கேட்டார். குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

ஒன்பதாம் நாள் மதியம் கைபேசி அடித்தது. அமுதாவின் கணவர் குமார். தோல் ஷாப்பில் வேலை செய்பவர். தோல் பதனிடும் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. என் எண் அறிக்கையின் அடியில் இருந்தது.

"சார், கொட்டாய் செவுரு உழுந்துடுச்சி. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அமுதா கை மாட்டிக்கிச்சி."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். கைபேசியைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவர் வைத்துவிட்ட பிறகும் நின்றேன். மேசையில் என் தேநீர் இருந்தது, அதன் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்ச்சி என்ற சொல்லை வாழ்நாள் முழுக்க எழுதியவன் நான். உள்ளே வந்தால் அது ஒலி இல்லாமல் வருகிறது.

வேலூரில் ஒரு மருத்துவமனை. அமுதாவின் வலது கையில் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. மேல் கல் விழும்போது வெளியே ஓடியிருக்கலாம். தைத்து முடித்த கட்டை இழுக்கக் கை நீட்டியிருக்கிறார். இரண்டு விரல்களைப் பற்றி மருத்துவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலில் குமார். தோல் ஷாப்பிலிருந்து நேராக வந்தவர், சட்டையில் சுண்ணாம்பு. நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

என்னைக் குற்றம் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் வேறொரு பழைய சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நாலு மாதமாய் அமுதா நடுக்கம் நடுக்கம் என்கிறார், குமார் நம்பவே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். பகலில் அவர் வீட்டில் இருக்கும்போது ஒரு தடவைகூட வந்ததில்லையாம். அதைச் சொல்லித்தான் இப்போது தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்டி வரும்?" என்றார் அமுதா. மருந்து மயக்கத்திலும் சிரிப்பு. "பகல்ல இவரு வூட்ல இருக்கறது வெள்ளிக்கிழம ஒரு நாளுதான் சார். அன்னிக்குப் படுத்துக் கெடப்பாரு. இவரப் பாத்தா பூமிக்கே பேஜாராயிடும் போல. அன்னிக்கு மட்டும் வராது."



"வெள்ளிக்கிழமை எப்படி வீட்டில் இருப்பார்?" என்று கேட்டேன்.

குமார் என்னை விநோதமாய்ப் பார்த்தார். "ஷாப்பு லீவு சார். இந்தப் பக்கம் தோல் ஷாப்புக்கு வெள்ளிதான் லீவு. யாரு ஷாப்பா இருந்தாலும் வெள்ளிதான்."

"குவாரிக்கு?"

"அது ஞாயித்துக்கிழம."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தேன். மருந்துச் சீட்டோடு ஆட்கள் வரிசையில் நின்ற பெஞ்சின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். காலண்டர் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் செலவழிக்கவில்லை. இருநூற்றுப் பதினேழு வெள்ளி. இருநூற்று இருபத்து நான்கு வெள்ளி. இருநூற்று முப்பத்தொன்று வெள்ளி. குவாரி பூட்டிக் கிடந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கருப்புப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. என் வரைபடத்தில் எல்லாம் இருந்தது. நான் குறித்து வைத்ததுதான், என் கையெழுத்துதான். நாள்களுக்குப் பெயர் மட்டும் வைக்கவில்லை. பக்கத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

குமார் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். தோல் ஷாப்பு ஓடும் நாளில் மட்டும் நிலம் உதறுகிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. டீக்கடைக்குப் போகலாம் சார் என்றார். இரண்டு டீ வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சொன்னா என் வேலை போய்டும் சார்" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வது போல, "அவ கை போனப்புறம் என் வேலை இருந்து இன்னா."

மலையடியில் ஒரு வேலிபோட்ட நிலம். சில வருடங்களுக்கு முன் வெளியூர் ஒப்பந்ததாரர் ஒருவர் பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கப் போவதாய்ச் சொல்லி அங்கே மிக ஆழமாய்த் துளைத்துப் பார்த்திருக்கிறார். எதிர்பார்த்த சூடு இல்லை. துளை இருந்தது. ஆள் தெரியாத இடம், அடி தெரியாத ஓட்டை. தோல் கழுவிச் சுத்திகரித்த பிறகும் மிஞ்சும் உப்புத் தண்ணீரை டேங்கரில் கொண்டுபோய், பம்பு வைத்து அழுத்தி, அந்தத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காலையில் டேங்கர் புறப்படும்; பத்து மணிக்கு மேல் பம்பு ஓடும்; நாலு மணிக்கு நிற்கும். வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு, ஆகவே டேங்கர் இல்லை, ஆகவே பம்பு இல்லை. அழுத்தித் தள்ளிய தண்ணீர் ஆழத்துப் பாறை வெடிப்புகளை நெம்பி வழுக்க விடும்; அதுதான் அந்த டமார். குமார் வேலை செய்த இடத்திலிருந்தும் டேங்கர் போனது. குழாயை மாட்டி விடுவதே சில நாள் அவர்தான்.

நினைத்துப் பாருங்கள். வீட்டில் அவள் சொல்லும் நடுக்கத்தை நம்பாமல் சிரித்தவர், அந்த நடுக்கத்துக்கு வேண்டிய தண்ணீரைக் காலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

அன்றே இரண்டாவது அறிக்கையைக் கையால் எழுதிக் கொடுத்தேன். முதல் அறிக்கை தவறு என்பது அதன் முதல் வரி. அதிகாரிகள் வேகமாகத்தான் நடந்துகொண்டார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை பம்பு அறைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

இதுவரை சொன்னது என் தவறு. இனி வருவதற்குத்தான் உங்களை உட்கார வைத்தேன்.

வியாழன் மாலை புங்கமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. அமுதாவும் வந்திருந்தார், கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. பாதிச் சுவர் போன கொட்டகை எதிரே நின்றது. கூரை இன்னும் மேலேதான் இருந்தது. உள்ளே நாற்பது கட்டுகள். பாதி தைத்தவை, தைத்து முடித்தவை. சனிக்கிழமை கம்பெனி வண்டி வரும். கட்டு போகாவிட்டால் இந்த ஊருக்கு இனி வேலை கிடையாது. முந்தின நாள் பூட்டுப் போட்ட வருவாய்த் துறை அலுவலர் என்னிடம், பம்பு நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் சார், இவர்கள் பாட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றார். பெண்கள் அதற்குள் நாளும் குறித்துவிட்டார்கள்.

"நாளிக்கு வெள்ளி சார்" என்றார் குமார். "வெள்ளில வராதுன்னு நீங்கதான கணக்கு போட்டீங்க? காலைல போய் எடுத்துட்டு வந்துடுவோம்."

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் போட்ட கணக்கு, முதல் தடவையாகச் சரியான கணக்கு, என்னையே பார்த்து நின்றது. ஆனால் பம்பை நிறுத்தினால் தண்ணீர் நின்றுவிடாது. பாறை வெடிப்புகளுக்குள் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அழுத்தம் அதுவரை போகாத இடத்துக்குப் போகும். சில இடங்களில் நிறுத்திய பிறகுதான் பெரியது வந்திருக்கிறது. நாளை வரலாம். அடுத்த மாதம் வரலாம். வராமலே போகலாம். எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது. உள்ளே விடாதே என்று சொல்லி ஒன்றும் நடக்காமல் போனால், பன்னிரண்டு பேரின் வேலையை இரண்டாம் தடவையும் தின்றவன் ஆவேன்.

அமுதா கேட்டார். "வருமா, வராதா சார்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"தெரியாதும்மா."

கூட்டத்தில் ஒரு பெண் சட்டென்று சொன்னார்: "போன தடவ தெரியும்னாரு, செவுரு உழுந்துச்சி. இந்தத் தடவ தெரியாதுன்றாரு. மலையே உழும் போலக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அவ்வளவு நியாயம் அதில். சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். வெள்ளிக்கிழமையில் ஒன்றும் இல்லை, அன்று பம்பு ஓய்ந்ததால்தான் நடுக்கமும் ஓய்ந்தது. இப்போது பம்பே இல்லை. இனி எல்லா நாளும் ஒரே நாள்தான். எனக்குத் தெரியாது, அதனால்தான் உள்ளே போகாதீர்கள் என்கிறேன்.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது கட்டு சார், நாற்பது கட்டு என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அமுதா நல்ல கையால் கட்டுப் போட்ட கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகையையே பார்த்தார்.

"தெரியும்னு சொன்னப்ப போனோம்" என்றார். "தெரியாதுன்னு சொல்றாரு இல்ல, இதையாவது கேப்போம்."

அன்று என்னைக் காப்பாற்றியது என் அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அவர்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எனக்கு யாரும் டீ தரவில்லை. பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. குமார் இரண்டு தடவை வந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனார். தூரத்து ரோட்டில் ஜும்மாவுக்குப் போகிற ஸ்கூட்டர்கள். வெயில் ஓட்டின் மேல் அசையாமல் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான பகலை நான் பார்த்ததில்லை. ஒருவேளை ஒன்றும் வராதோ என்று நினைத்தேன். சொல்கிறேன், உண்மையைச் சொல்கிறேன்: வராமல் இருந்தால் என் பெயர் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். அப்போது மரத்தடியில் இருந்து அமுதா, நாற்காலிய இந்தப் பக்கம் போட்டுக்கங்க சார், வெயில் அடிக்குது என்றார். எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மரத்தடிக்கு வந்தேன்.

உட்காரக்கூட இல்லை.

கால்வழியாக வந்தது. நான் அதுவரை நடுக்கத்தைத் தாளில்தான் பார்த்திருந்தேன். முப்பது வருடம் தாளில். எனக்குக் கீழே தரை ஒரு கதவைப் போலச் சாத்தி அடித்தது. காக்கைகள் மொத்தமும் எழுந்தன. கொட்டகைக் கூரை ஒரு நொடி யோசிப்பது போல நின்று, பிறகு நடுவில் மடிந்து, நான் உட்கார்ந்திருந்த வாசலின் மேல் கொட்டியது. செம்மண் புழுதி எங்கள் மேல் வந்து மூடியது. எதிர்பார்த்தவனுக்கு அதிர்ச்சி இருக்காது என்று நினைக்காதீர்கள். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்கத் தெரியாமல், அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். யாரும் அலறவில்லை. பன்னிரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

புழுதி அடங்கியதும் அமுதா என்னிடம் கேட்டார். "இன்னிக்கு இன்னா கெழம சார்?"

"வெள்ளி" என்றேன்.

கொட்டகை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்ற குமார், அப்போதுதான் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

அமுதாவுக்கு இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இரண்டு ஊசி பிடிக்க முடியாது. இப்போது கட்டு எண்ணி வாங்குவதும் தையலைச் சரிபார்ப்பதும் மட்டும் அவர் வேலை. கம்பெனி இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டுவிட்டுத் திரும்ப வந்தது, அவர்கள் தையல் அப்படி. குமாரின் வேலை அவர் பயந்தபடியே போய்விட்டது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமையும் ஓட்டுகிறார். நான் ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். யாராவது வந்து, பயமில்லையே சார் என்று கேட்டால், இல்லை என்று சொல்ல என் வாய் முந்திக்கொள்கிறது. அந்த வாயை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இருக்க முடியவில்லை.

என் முதல் அறிக்கை உங்கள் கோப்பு அறையில்தான் இருக்கிறது. எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். எடுத்துப் படியுங்கள். ஒன்றரைப் பக்கம்தான். நேரங்கள் சரி, அளவுகள் சரி, கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. அதில் ஓர் எண்கூடப் பிழை கிடையாது. புங்கமரத்தடியில் ஊசியை நிறுத்திவிட்டு அமுதா கேட்டாரே, சங்கு ஊதலையே என்று. அந்த ஒரு வரிதான் அதில் இல்லை.